இரும்பு எறும்புத்தின்னி: முக்கால்வாசி முடிந்தது

இரும்பில் நான் செய்துவரும் எறும்புத்தின்னிச் சிற்பத்துக்கு வால், பின்னங்கால், முதுகு வரை செதில் ஏறிவிட்டது. கழுத்தும் தலையும் பாக்கி. எல்லாம் முடிந்த பிறகு எழுதினால் பாதி மறந்துவிடும் என்பதால், இதுவரை எது ஒத்து வந்தது, எது வரவில்லை என்பதை இப்போதே எழுதி வைக்கிறேன்.

ஏன் எறும்புத்தின்னி? பழைய இரும்பில் விலங்கு செய்பவர்கள் பெரும்பாலும் ஸ்பேனர், செயின், பேரிங் என்று கிடைத்ததையெல்லாம் ஒட்டி ஒரு காளையையோ கழுகையோ நிறுத்திவிடுகிறார்கள். பார்க்க வருகிறவர் "அட, இது ஸ்பார்க் பிளக்!" என்று கண்டுபிடித்து மகிழ்கிறார். விலங்கை யாரும் பார்ப்பதில்லை. எனக்கு அது சலித்துவிட்டது. உருவம் சுத்தியலில் இருந்து வர வேண்டும், வெல்டிங் மூட்டுக்கு மட்டும் போதும் என்று நினைத்தபோது, உடம்பெல்லாம் தகடாகவே இருக்கும் இந்தப் பிராணிதான் முதலில் நினைவுக்கு வந்தது. இந்திய எறும்புத்தின்னிக்கு உடலைச் சுற்றி 11 முதல் 13 வரிசைச் செதில்கள். மொத்தம் 160இலிருந்து 200 வரை இருக்கும். வயிற்றிலும் கால்களின் உட்புறத்திலும் செதில் கிடையாது. உடல் 60 செ.மீ., வால் 45 செ.மீ. என்று நிஜ அளவிலேயே செய்கிறேன். பெரிய ஆண் விலங்கின் அளவு கிட்டத்தட்ட அதுதான்.

நிலைக்குத்தான் நிறைய யோசித்தேன். நான்கு காலில் நடப்பதாகச் செய்தால் எளிது, ஆனால் தூரத்தில் இருந்து பார்க்க உடும்பு மாதிரி ஆகிவிடுகிறது. மோப்பம் பிடிக்கும்போது அது பின்னங்கால்களில் பாதி எழுந்து, வாலை ஊன்றி நிற்கும். அந்த நிலையை எடுத்துக்கொண்டேன். இரண்டு பாதம், ஒரு வால். மூன்று இடத்தில் தரையைத் தொடுவதால் சிற்பம் தானாகவே நிற்கும் என்பது கூடுதல் லாபம். முதுகெலும்புக்கு 10 மி.மீ. கம்பி, விலாவுக்கு 6 மி.மீ. கம்பியில் வளையங்கள். கூடு தயாரானதும் உத்தரத்தில் கயிறு கட்டி வெவ்வேறு இடத்தில் பிடித்துத் தொங்கவிட்டு, தூக்குக் குண்டு விட்டுப் பார்த்து எடை மையத்தைக் குறித்தேன். மையத்தில் இருந்து இறங்கும் கோடு அந்த மூன்று புள்ளிகளுக்கு நடுவே விழ வேண்டும். தலையும் முன்னங்கால்களும் ஏறினால் மையம் முன்னால் நகரும் என்பதால், பாதங்களை முன்கூட்டியே கொஞ்சம் முன்னால் தள்ளிவிட்டேன். கம்பிக் கூடாக இருக்கும்போது இதையெல்லாம் கையாலேயே வளைக்கலாம். செதில் ஏறிய பிறகு நினைத்தாலும் முடியாது.

செதிலுக்கு 1.6 மி.மீ. தகடு, அதாவது 16 கேஜ். கிரில் பட்டறையில் வெட்டி ஒதுக்கிய துண்டுகள். இந்தத் தகடு ஒரு சதுர மீட்டர் பன்னிரண்டரை கிலோ வரும். ஒன்றின் மேல் ஒன்று ஏறுவதையும் சேர்த்து அரை சதுர மீட்டர் பிடிக்கும் என்று கணக்கிட்டேன்; ஆக, செதில் மட்டும் ஆறு கிலோவுக்குக் கொஞ்சம் மேல். 1 மி.மீ. தகட்டில் செய்தால் எடை குறையும்தான். ஆனால் ஆர்க் வெல்டிங்கில் தொட்டவுடன் ஓட்டை விழும், ஓரங்களும் கூர்மையாகக் காகிதத்தனமாகத் தெரியும்.

ஒவ்வொரு செதிலும் மூன்று வேலைகளைத் தாண்டி வருகிறது. கட்டிங் வீலில் வெட்டி, பிளாப் டிஸ்க்கில் (உப்புத்தாள் மடிப்புகள் கொண்ட தேய்ப்புச் சக்கரம்) ஓரத்தை மழுக்குவது ஒன்று. பிறகு மொட்டை உளியால் நீளவாக்கில் கோடுகள் போடுவது; நிஜச் செதிலிலும் இந்த வரிகள் உண்டு. கடைசியில், பள்ளம் வெட்டிய புளியங்கட்டையில் கவிழ்த்து வைத்து உருண்டை முகச் சுத்தியலால் குழித்தல். கோடு முதலில், குழி பிறகு என்கிற வரிசை முக்கியம். குழித்த செதிலை அடைகல்லில் வைத்து உளி போட்டால் அது மறுபடி தட்டையாகிவிடும். குழிப்பதற்கு நெருப்பே தேவையில்லை, மெல்லிய தகடு பச்சையாகவே வளைகிறது. இந்தக் குழிப்பை விட்டுவிட்டு வெறும் தகட்டை அடுக்கினால் என்ன ஆகும் என்று ஒரு வரிசை வைத்துப் பார்த்தேன். அளவெல்லாம் சரி, உயிர்தான் இல்லை. ஒவ்வொரு செதிலிலும் வெளிச்சம் வேறு வேறு இடத்தில் விழும்போதுதான் முதுகு உருண்டு தெரிகிறது.

ஏற்றுவது வாலில் இருந்து. கூரைக்கு ஓடு வேய்கிற அதே வரிசைதான்: கீழ் வரிசையின் தலைப்பை மேல் வரிசை மூட வேண்டும். அடிப்பக்கத்தில் மட்டும் பற்றவைத்தால் போதும், அடுத்த வரிசை வெல்டை மறைத்துவிடும். 2.5 மி.மீ. 6013 ரக வெல்டிங் ராடு, 65 ஆம்பியர் வாக்கில் ஓட்டுகிறேன். ஆர்க்கைக் கம்பியின் மேல் பிடித்து, உருகிய குழம்பைத் தகட்டுப் பக்கம் இழுக்க வேண்டும். தகட்டின் மேல் நேரடியாகப் பிடித்தால் துளைதான். இந்த ஆம்பியருக்கு வீட்டு 15 ஆம்ப் பிளக்கே தாங்குகிறது. ஒரு வரிசை முடிந்ததும் கசடைத் தட்டி, கம்பி பிரஷ் போட்டு, கூட்டுக்குள் எண்ணெய் காட்டிவிட்டுத்தான் அடுத்த வரிசைக்குப் போகிறேன். மேல் வரிசை மூடிய பிறகு அந்த இடுக்கில் எந்தக் கருவியும் நுழையாது. கடற்கரை ஊர்க் காற்றில், தேய்த்த இரும்பு ராத்திரி கழிவதற்குள் செம்மண் நிறம் பூசிக்கொள்கிறது.

நகங்கள்தான் இதில் நிஜமான உலை வேலை. முன்னங்காலில் ஐந்து நகம், நடு மூன்றும் நீளமானவை, கறையான் புற்றை உடைப்பதற்கு. 12 மி.மீ. கம்பியில் இழுத்தேன். உலை என்பது பழைய பிரேக் டிரம்மும் ஒரு சின்ன புளோயரும்; கரி, கொட்டாங்குச்சிக் கரி. விறகுக் கரியை விட இது சூடு அதிகம் தருகிறது, பொறியும் குறைவு. உருண்டைக் கம்பியை உருண்டையாகவே கூராக்கக் கூடாது, நடுவில் பிளந்துகொள்ளும். முதலில் சதுரமாக அடித்துக் கூராக்கி, பிறகு எட்டுப் பட்டை, கடைசியில் உருட்டு. இதைச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் பக்கத்தில் கலப்பைக் கொழு அடிக்கிற பெரியவர். நான் அடிப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "செவந்தா மட்டும் போதாது தம்பி. மஞ்சக் கட்டட்டும், அப்புறம் அடிங்க. செவப்பு மங்கிடுச்சுன்னா கைய எடுத்துருங்க" என்றார். 1,100 டிகிரி, 800 டிகிரி என்று நான் படித்து வைத்திருந்ததும் அதேதான். ஆனால் உலைக்கு முன்னால் நிற்கும்போது அவர் சொன்ன நிறம்தான் உதவுகிறது.

சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் லாரியின் பட்டை ஸ்பிரிங் மலிவாகக் கிடைக்கிறது, நகத்துக்கு அதை எடுத்தால் என்ன என்று கேட்ட நண்பர்களுக்கு: வேண்டாம். அது கத்திக்கான இரும்பு. கார்பன் அதிகம், அடிக்கக் கடினம், பற்றவைத்த இடம் சட்டென்று ஆறினால் விரிசல் விடும். சிற்பத்துக்கு சாதா இரும்பே தங்கம். அதேபோல் மூக்குக்கு ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) கூடாது. பூச்சில் இருக்கும் துத்தநாகம் 907 டிகிரியிலேயே ஆவியாகும். அந்த வெள்ளைப் புகையை இழுத்தால் அன்று ராத்திரி குளிர்காய்ச்சல் நிச்சயம். பூச்சில்லாத கறுப்பு பைப்பில் ஆப்பு ஆப்பாக வெட்டி எடுத்து, சூடாக்கி மூடிக்கொண்டு வருகிறேன். கூம்பு வந்துவிட்டது, கன்னம் இன்னும் வரவில்லை.

இஞ்சம்பாக்கம் சோழமண்டலத்தில் ஜானகிராம், நந்தகோபால் ஆகியோரின் உலோகச் சிற்பங்களை மறுபடி போய்ப் பார்த்தேன். 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று தொடங்கிய கலைஞர் கிராமம் அது. நந்தகோபால் பணிக்கருடைய மகன். ஜானகிராம், நந்தகோபால் இருவருடைய சிற்பங்களும் பெரும்பாலும் முன்னால் நின்று பார்ப்பதற்கானவை. தகட்டின் மேல் கம்பியும் பற்றவைப்புமே கோடாக, அலங்காரமாக மாறியிருக்கும். வெல்டை ஒளிக்கவே வேண்டுமா என்று அங்கே நிற்கும்போது தோன்றியது. என் விலங்கைச் சுற்றி வந்து பார்ப்பார்கள், அதனால் முதுகில் ஒளித்தாக வேண்டும். ஆனால் செதில் இல்லாத வயிற்றில் வெல்டிங் வரிகளை அரைக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன். சுருக்கம் விழுந்த தோலுக்கு அது பொருத்தமாகவே இருக்கிறது.

நிறத்துக்கு இரண்டு வழி பார்த்தேன். தேய்த்த இரும்பைச் சூடாக்கினால் 230 டிகிரியில் வைக்கோல் நிறம், 255 வாக்கில் பழுப்பு, 300ஐ நெருங்கும்போது நீலம். அந்தப் பழுப்பு அப்படியே எறும்புத்தின்னியின் நிறம்! ஆனால் மேலே கிளியர் லாக்கர் அடித்ததும் பாதி மங்கிவிட்டது. மெல்லிய ஓரம் முதலில் சூடாகி நீலத்துக்கு ஓடுவது இன்னொரு தொல்லை. மிதமான சூட்டில் ஆளிவிதை எண்ணெய் துடைத்து எடுத்த மாதிரித் துண்டு கருப்பழுப்பாக வந்தது. அதன் மேல் மெழுகு. என் ஓட்டு அதற்குத்தான்.

இனி நெற்றிச் செதில்கள். இங்கே வரிசை முடிவதால் கடைசி வெல்டை மூட எதுவும் இல்லை, அரைத்துத்தான் மறைக்க வேண்டும். கண்ணுக்கு சைக்கிள் பேரிங் குண்டு. அது கடினமான இரும்பு என்பதால் பற்றவைக்கப் போவதில்லை. குழியில் உட்கார வைத்து, 3 மி.மீ. கம்பியில் அடித்த இமையால் பிடித்துக்கொள்ளலாம். வீட்டில் வாசலில் வைக்கச் சொல்கிறார்கள். வாசல் என்றால் ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்னாலும் எண்ணெயும் மெழுகும் புதிதாகப் போட வேண்டும். அதற்கு எனக்குப் பொறுமை இல்லை. கூடத்தில்தான் இருக்கப் போகிறது.