தம்பி கண்ணிலிருந்து சிலிகானை எடுத்த கதை

தம்பி வெளிநாட்டில் வேலை பார்த்தபோது ஆபரேஷன் செய்து கண்ணை நீலமாக்கிக்கொண்டு வந்தான். காண்டாக்ட் லென்ஸ் என்றுதான் வீட்டில் நினைத்திருந்தோம். கொஞ்ச காலம் ஒரு தொந்தரவும் இல்லை. அப்புறம் தெருவிளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது, காலையில் மங்கலாக இருந்து மதியத்துக்குள் தெளிகிறது என்றான். தண்டையார்பேட்டையில் ஒரு கண்ணாடிக் கடையில் பவர் பார்த்து கண்ணாடி மாட்டி அனுப்பிவிட்டார்கள்.

சரி, பெரிய இடத்திலேயே காட்டுவோம் என்று வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் மாறி, எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்குப் போனோம். 1819இல் தொடங்கிய ஆஸ்பத்திரி. கூட்டமும் அதற்கேற்ற மாதிரிதான்.

அங்கேதான் விஷயம் புரிந்தது. கார்னியாவின், அதாவது கண்ணின் முன்பக்கத்தில் இருக்கும் கண்ணாடி போன்ற படலத்தின், ஓரத்தைக் கீறி, மடித்த நீல நிறச் சிலிகான் வளையத்தை உள்ளே விட்டு, கண்ணுக்கு நிறம் தரும் ஐரிஸுக்கு முன்னால் விரித்திருக்கிறார்கள். அந்த இடம் நடுவிலேயே சுமார் 3 மில்லிமீட்டர் ஆழம்தான். வளையம் ஐரிஸை உரசுகிறது, கண்ணுக்குள் ஊறும் நீர் வடிகிற மூலையை அடைக்கிறது. 10 முதல் 21 வரை இருக்க வேண்டிய கண்ணுக்குள் பிரஷர் அவனுக்கு 34.

எனக்கு அதைவிடப் பயமாக இருந்தது கார்னியாவின் செல்களை எண்ணும் ஸ்பெகுலர் டெஸ்ட். கார்னியாவின் உள்பக்கச் செல்கள் சதுர மில்லிமீட்டருக்கு 2,500 அளவில் இருக்குமாம். இடது கண்ணில் 600தான். "பிரஷரை மருந்து போட்டு இறக்கிடலாம்மா, இந்தச் செல் போனா திரும்ப வளராது" என்றார் டாக்டர்.

முதலில் பிரஷரை இறக்க டிமோலால் சொட்டு மருந்தும் டயமாக்ஸ் மாத்திரையும். விரல் நுனியெல்லாம் மரத்துப்போகிறது, சோடா குடித்தால் தகரத்தை நக்குவதுபோல் இருக்கிறது என்று புலம்பினான். மாத்திரையால் அப்படி ஆகும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். பிரஷர் இறங்கியதும் ஒவ்வொரு கண்ணாக, வளையத்தை உள்ளேயே வெட்டித் துண்டு துண்டாக எடுத்தார்கள். காஸ்மெட்டிக் என்று இன்சூரன்ஸில் கைவிரித்தது தனிக்கதை.

எடுத்த பிறகும் இடது கார்னியாவின் வீக்கம் வற்றவில்லை. தானமாக வந்த கண்ணிலிருந்து, அந்தச் செல்கள் இருக்கும் உள்படலத்தை மட்டும் எடுத்து மாற்றினார்கள். அது ஒட்டுவதற்காக உள்ளே காற்றுக்குமிழ் வைப்பதால் மல்லாந்தே படுத்திருக்க வேண்டும். புரண்டுவிடுவான் என்று அம்மா ராத்திரி முழுக்கப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதிக்குப் பயந்து ரொம்ப நாள் ஆட்டோவில்தான் செக்கப் போனோம், அதுவும் கண்ணுக்கு மூடி போட்டு.

இப்போது சொட்டு மருந்தோடு பிரஷர் 16. ஆனால் அதற்குள் பார்வை நரம்பு கொஞ்சம் பாதித்துவிட்டதால், கிளாகோமா என்கிற இந்தக் கண் அழுத்த நோய்க்கான சிகிச்சை நிற்காது. வலது கண்ணில் செல்லை அவ்வப்போது எண்ணிப் பார்க்கிறார்கள். அதிலும் படலம் மாற்ற வேண்டுமா என்பது அந்த எண்ணிக்கையைப் பொறுத்தது.