பறப்பதற்கு முந்தைய நொடி

அனிமேஷன் படத்தில் எதுவும் சும்மா கிடைக்காது. நடிகரை வைத்து எடுக்கும் படம் என்றால் மைக்கைத் திறந்து வைத்தாலே போதும், அவர் மூச்சு விடுவதும் சட்டை உரசுவதும் தூரத்தில் பஸ் போவதும் தானாக வந்து விழும். வரைந்த பாத்திரத்துக்கு மூச்சே கிடையாது. செருப்பு தரையில் தேயும் சத்தத்தைக்கூட யாராவது உட்கார்ந்து செய்து கொடுத்தால்தான் உண்டு. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். சென்னையில் கற்றுக்கொண்ட தொழில், இங்கே வந்து சோறு போடுகிறது. சூப்பர் ஹீரோ கதை என்றால் கஷ்டம் இரட்டிப்பு. பறக்கிற ஆளுக்கு எடை இருக்கிறது, விழுந்தால் எலும்பு உடையும் என்று முதலில் நம்ப வைக்க வேண்டும், அதற்கப்புறம்தான் பார்க்கிறவர் கண் கலங்குவதைப் பற்றியெல்லாம் பேச முடியும்.

எங்களிடம் வேலை கற்க வரும் பிள்ளைகளுக்கு நான் வழக்கமாகப் போட்டுக் காட்டுவது 2018இல் வந்த ‘ஸ்பைடர்-மேன்: இன்டு தி ஸ்பைடர்-வெர்ஸ்’ படத்தில் அதன் நாயகனான பையன் மைல்ஸ் கட்டிடத்திலிருந்து குதிக்கும் காட்சி. முதலில் சத்தமே இல்லாமல் பார்க்கச் சொல்வேன், பிறகு திரையை அணைத்துவிட்டுக் கேட்கச் சொல்வேன், கடைசியில்தான் இரண்டையும் சேர்த்து. சத்தமில்லாமல் பார்க்கும்போது பிள்ளைகள் எல்லோரும் ஒரே இடத்தைத்தான் பிடிக்கிறார்கள்: பையன் குதித்துவிட்டான், ஆனால் விரல் நுனிகள் இன்னும் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, அதனால் கண்ணாடியே பெயர்ந்து அவனோடு வருகிறது. பயம் போகவில்லை, பயத்தோடுதான் குதித்தான் என்பதை ஒரு வார்த்தை வசனம் இல்லாமல் அந்த விரல் சொல்லிவிடுகிறது. அடுத்து கேமரா தலைகீழாகிறது. கீழே விழுகிறவன் நம் கண்ணுக்கு நகரத்தை நோக்கி மேலே எழும்புகிறவனாகத் தெரிகிறான்.

திரையை அணைத்துவிட்டுக் கேட்கும்போது வேறொன்று புரியும். அந்தக் காட்சியில் வரும் பாட்டு அவன் குதிக்கும்போது ஆரம்பிக்கவில்லை. அதற்கு வெகு முன்னால், அப்பா மூடிய கதவுக்கு வெளியே நின்று பேசிவிட்டுப் போகிறாரே, அதற்குப் பிறகே மெல்லத் தொடங்கிவிடுகிறது. உள்ளே பையன் நாற்காலியோடு கட்டப்பட்டு, வாயும் அடைக்கப்பட்டு உட்கார்ந்திருக்கிறான், பதில் சொல்ல வழியில்லை. அப்பாவோ பையன் தன்னோடு பேசப் பிடிக்காமல் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு, நீ பதில் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை என்கிற மாதிரி பேசிவிட்டு நகர்கிறார். (இந்த இடத்தில் எனக்கு இன்றைக்கும் தொண்டை அடைக்கும்.) அங்கே அவனுக்குள் ஏதோ முடிவாகிறது, இசை அந்த முடிவைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறது. குதிப்பது வெறும் விளைவுதான். எத்தனையோ சூப்பர் ஹீரோ படங்களில் ஆள் பறக்க ஆரம்பித்த பிறகு ஆர்கெஸ்ட்ரா முழங்கும், நமக்கு ஒன்றுமே ஆகாது. ஏனென்றால் கண்ணால் பார்த்துவிட்டதையே காதுக்கும் சொல்கிறார்கள்.

அந்தப் படத்தின் இசையமைப்பாளர் டேனியல் பெம்பர்ட்டன் செய்த ஒரு காரியம் எங்கள் தொழிலில் இருப்பவர்களை உட்கார்த்தி யோசிக்க வைக்கும். ஆர்கெஸ்ட்ராவை வைத்துப் பதிவு செய்த இசையை வினைல் தட்டில் ஏற்றி, அதை ஒரு டிஜேயிடம் கொடுத்து முன்னும் பின்னுமாகத் தேய்க்க வைத்து, அந்தச் சத்தத்தைத் திரும்பப் படத்துக்குள் கொண்டுவந்தார். மைல்ஸ் ப்ரூக்ளின் பையன், சுவரில் ஸ்ப்ரே பெயிண்ட் அடிக்கிறவன். வீர இசையும் அவன் கைபட்ட மாதிரி இருக்க வேண்டும் இல்லையா? வில்லன் ப்ரவ்லர் வரும்போது ஒரு பிளிறல் கேட்குமே, அது யானையின் குரலை வைத்து உருவாக்கியது. ஆள் திரையில் தெரியும் முன்பே வயிறு கலங்கிவிடும். தெருக்கூத்தில் திரைச்சீலைக்குப் பின்னால் சலங்கையைக் கேட்கவிட்டு அப்புறம்தான் வேஷத்தைக் காட்டுவார்கள், அந்த வித்தை தெரிந்த நமக்கு இது புதுசில்லை.

படத்தின் பக்கமும் இப்படித்தான். காட்டுக்குள் மைல்ஸும், அவனுக்கு முந்தைய அனுபவசாலி ஸ்பைடர்-மேனான பீட்டரும் வலையில் ஊசலாடிப் போகும்போது பீட்டருக்கு வினாடிக்கு 24 படம், மைல்ஸுக்கு 12 படம்தான். கண்ணுக்குக் காரணம் தெரியாது, ஆனால் பையன் தடுமாறுகிறான் என்று உடம்புக்குத் தெரிந்துவிடும். 2023இல் வந்த அடுத்த பாகத்தில் மைல்ஸின் தோழி க்வென் தன் அப்பாவோடு பேசும் காட்சியில் பின்னணியின் நிறமெல்லாம் நீர்வண்ணம் போலக் கரைந்து ஓடி மாறிக்கொண்டே இருக்கும். பின்னணி இசை செய்ய வேண்டிய வேலையைச் சுவரின் வண்ணமே எடுத்துக்கொள்கிறது. படம் இப்படிப் பேசும்போது இசை கொஞ்சம் ஒதுங்கி நிற்கலாம்.

சரி, நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்த ஒரு பெண் இயக்கிய குறும்படம் எங்களிடம் ஒலி வேலைக்கு வந்தது. இனம் பார்த்துக் குடியிருப்பைப் பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தின்கீழ் 1960களில் டர்பனின் இந்தியர்களைக் கொண்டுபோய்க் குடியேற்றிய பகுதி அது. இயக்குநர் வீட்டில் பேச்சு ஆங்கிலம்தான், ஆனால் ஆயா, அக்கா, அண்ணா எல்லாம் அப்படியே இருக்கிறது, என்னையும் அண்ணா என்றுதான் கூப்பிடுவார். கதை இதுதான்: லோட் ஷெடிங் என்று இங்கே சொல்லும் மின்வெட்டு இருட்டில் மாடிக் குடியிருப்பின் மொட்டை மாடியில் நிற்கிற ஒரு சிறுமி, ஆயாவின் பழைய சேலையை முதுகில் கட்டிக்கொண்டு முதல் முறை பறக்கிறாள்.

எடிட்டிங்கிலேயே அவர் ஒரு தற்காலிக இசையைப் போட்டு வைத்திருந்தார், பெரிய ஆர்கெஸ்ட்ரா, கோரஸ் எல்லாம் சேர்ந்தது. அதில் இருந்த சிக்கல் ரசனை சம்பந்தப்பட்டது அல்ல, உயரம் சம்பந்தப்பட்டது. நியூயார்க் வானளாவிக் கட்டிடத்துக்குப் பொருந்துகிற இசை அது, நம் சிறுமி நிற்பதோ மூன்று மாடி உயரத்தில், கீழே துணி காயும் கொடிகூடத் தெரிகிறது. அவ்வளவு பெரிய இசையைப் போட்டதும் அவள் வேறு யாரோ ஒரு ஹீரோவைப் பார்த்து ஆசைப்படுகிற குழந்தையாகத் தெரிந்தாள். அவளுடைய பயம் அவளுடையதாகவே இல்லை. இதைச் சொன்னபோது இயக்குநர் ஒப்புக்கொள்ளவில்லை. எங்க பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் சின்ன இசை, நாங்களும் பெரிசா பறக்கக்கூடாதா என்று கேட்டார். அந்தக் கேள்வி நியாயமானது. அதற்கு வாயால் பதில் சொல்வதைவிடக் காட்சியைச் செய்து காட்டலாம் என்று நினைத்தேன்.

முதலில் இசையை மொத்தமாக எடுத்துவிட்டு இருட்டைக் கட்டினோம். கரண்ட் போகும்போது பிரிட்ஜின் ரீங்காரம் சட்டென்று நிற்கும், அது நின்ற பிறகுதான் அதுவரை அது ஓடிக்கொண்டிருந்ததே உறைக்கும். ஒரு நொடி வெறுமை, பிறகு தவளைகள், இரண்டு தெரு தள்ளி யாரோ ஜெனரேட்டரை இழுத்துக் கிளப்புகிறார்கள், இருட்டில் திடுக்கிட்ட ஹடிடா பறவை ஒன்று கத்துகிறது. டர்பன்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு ஊரைச் சொல்லிவிடுவார்கள். அடுத்து சேலை. பட்டுச் சேலையை மைக் முன்னால் வீசிப் பார்த்தோம், சரசரவென்று கல்யாண வீட்டுச் சத்தம்தான் வந்தது. பழைய நூல் சேலையை லேசாக நனைத்துப் பிழிந்து வீசியபோதுதான் எடை வந்தது, காற்றைத் தள்ளுகிற சத்தம் வந்தது. இன்னொரு லாபமும் கிடைத்தது. செலவு கருதி வினாடிக்கு 12 படம்தான் வரைந்திருந்தார்கள், பறக்கும்போது அசைவு கொஞ்சம் வெட்டி வெட்டித் தெரிந்தது, சேலைச் சத்தத்தை இடைவெளி விடாமல் ஓடவிட்டதும் கண் அந்த வெட்டுகளை மறந்துவிட்டது. காது சேர்த்துப் பிடித்தால் கண்ணும் கூடவே வந்துவிடுகிறது. இத்தனை வருட வேலையில் எனக்கு அலுக்காத விஷயம் இது.

இசைக்கு ஒரு தவில்காரரைக் கூட்டிவந்தோம். நாகப்பட்டினம் பக்கத்துக்காரர், ஒப்பந்தத்தில் இங்கே கோயிலுக்கு வாசிக்க வந்தவர், என்னைவிட மூத்தவர். காட்சியைப் பார்த்தார், இன்னொரு தடவை போடச் சொன்னார், விரல்களில் கூட்டை மாட்டிக்கொண்டே கேட்டார்: “தம்பி, அந்தப் பொண்ணு பறக்கறப்போ அடிக்கணுமா, இல்ல பறக்கலாம்னு மனசுல வர்றப்போ அடிக்கணுமா?”

“நீங்க என்னண்ணே நினைக்கிறீங்க?”

“கெட்டிமேளம் முடிச்சு போட்ட பிறகா அடிக்கிறோம்? ஐயர் கை அசைஞ்ச உடனே அடிக்கிறோம். முடிச்சு விழறதுக்குள்ள சத்தம் நிறைஞ்சிடணும்.”

கெட்டிமேளம் கேட்டு, மணப்பெண் யாரென்றே தெரியாத கல்யாணத்தில்கூடக் கண் கலங்கியவர்கள் நம்மில் எத்தனை பேர்! தாலியைப் பின்வரிசையில் இருக்கிறவர்கள் பார்ப்பதே இல்லை, முன்னால் நிற்கிறவர்கள் முதுகைத்தான் பார்க்கிறார்கள். சத்தம் கைக்கு வேலை வருவதற்கு முன்பே வந்து, இதோ, இப்போது என்று சொல்லிவிடுகிறது. மைல்ஸ் காட்சியைப் பற்றி நான் பிள்ளைகளிடம் சுற்றி வளைத்துச் சொல்லிக்கொண்டிருப்பதும் இதேதான்.

சிறுமி செருப்பைக் கழற்றிச் சுவரோரம் ஒழுங்காக வைக்கிற ஷாட் ஒன்று உண்டு. அதுவரை அது அழகான ஒரு சின்ன விஷயம், அவ்வளவுதான். தவிலின் முதல் தட்டை அங்கே வைத்தோம், இடது செருப்பு தரையைத் தொடும் பிரேமில். விரலால் வாசிக்கும் வலது பக்கமான வலந்தலையில் ஒற்றை விரல், கொஞ்சம் இடைவெளி, மறுபடி ஒரு விரல். செருப்பை வைத்துவிட்டாள் என்றால் திரும்பி வந்து போட்டுக்கொள்வோம் என்று நினைக்கிறாள், ஆக அவள் சாகப் பயந்தவள், ஆனாலும் போகப் போகிறாள். இது எல்லாமே அந்தத் தட்டில் ஏறிவிட்டது. கால் தரையை விட்ட நொடியில் மட்டும் தவிலின் இடது பக்கமான தொப்பியில் கோல் விழுகிறது. அதுவரை பதுக்கி வைத்த அடித்தளச் சத்தம் மொத்தமாகத் திறக்கிறது. இயக்குநர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் அந்த ஆர்கெஸ்ட்ரா டிராக்கை அவரே அழித்தார். அவர் கேட்ட பெரிய பறத்தல் அவருக்குக் கிடைத்துவிட்டது என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

கடைசி மிக்ஸிங்கில் போன் வந்து குறுக்கே நின்றது. இந்த மாதிரிக் குறும்படத்தைப் பாதிப் பேர் கைப்பேசியில்தான் பார்ப்பார்கள், அந்தச் சின்ன ஸ்பீக்கரில் தொப்பியின் கனமான சத்தம் சுத்தமாக வராது. போனில் வைத்துக் கேட்டோம், பறக்கும் இடம் இளைத்துத்தான் போயிருந்தது, ஆனால் செருப்பு ஷாட் அப்படியே நின்றது, ஏனென்றால் வலந்தலை விரல் சத்தம் எந்த ஸ்பீக்கரிலும் கேட்கும். அதனால் பறக்கும் இடத்தில் சேலைச் சத்தத்தை இன்னும் கொஞ்சம் ஏற்றி, தொப்பி அடிக்கு மேலே கோல் தோலில் படும் அந்த ‘டக்’கைத் தனியாகப் பதிவு செய்து சேர்த்தோம். இப்போது பரவாயில்லை. இயக்குநர் மட்டும் கடைசி ஷாட்டில், சாட்ஸ்வொர்த் முழுக்க மறுபடி விளக்கு எரியும் இடத்தில், ஒரே ஒரு வயலினாவது வேண்டும் அண்ணா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். விளக்கு எரிந்ததும் பிரிட்ஜ் சத்தம் திரும்பி வருகிறதே, அது போதும் என்கிறேன் நான். பேச்சு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.