புல்லுக்கு ஒரு புகார்

கோல்ஃப் மைதானத்தைச் சரியாகப் பராமரிக்கவில்லை என்று புகார் எழுதுவதா வேண்டாமா என்பதையெல்லாம் ஒருத்தன் வாரக்கணக்கில் யோசிப்பானா என்று கேட்டால், யோசித்தேன். வீட்டில் சொன்னபோது, "அபார்ட்மென்ட் குரூப்புல தண்ணி லாரி வரலைன்னு சண்டை நடக்குது, உங்களுக்குப் புல்லு சரியில்லைன்னு கவலையா?" என்று கேட்டாள் மனைவி. நியாயமான கேள்விதான். 2024 மார்ச்சில் இதே பெங்களூரில், குடிநீரில் கார் கழுவினாலோ தோட்டத்துக்கு ஊற்றினாலோ 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. அந்தக் கோடையில் பக்கெட்டோடு வரிசையில் நின்றவர்களும் இதைப் படிப்பீர்கள். உங்கள் முன்னால் வந்து 'கிரீனில் பந்து ஒழுங்காக உருளவில்லை' என்று முனகக் கூச்சமாகத்தான் இருக்கிறது (கிரீன் என்றால் கொடியும் குழியும் இருக்கிற, ஒட்ட வெட்டின புல்தரை). ஆனாலும் காசு கொடுத்து ஆடுகிறேன், அதுவும் ஞாயிற்றுக்கிழமை விலையில்.

நான் எந்த கிளப்பிலும் உறுப்பினர் இல்லை. 1876-ல் தொடங்கிய பெங்களூர் கோல்ஃப் கிளப் மாதிரியான இடங்களை சாங்கி ரோட்டில் பஸ்ஸில் போகும்போது வேலிக்கு வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. இந்த விளையாட்டுப் பக்கம் வந்ததே 2021 ஆகஸ்ட் 7, சனிக்கிழமை காலையில் நம்ம ஊர்ப் பெண் அதிதி அசோக் டோக்கியோ ஒலிம்பிக் கோல்ஃபில் ஒரே ஒரு ஷாட்டில் வெண்கலத்தை விட்டு நான்காவது இடத்தில் முடித்ததை டிவியில் பார்த்த பிறகுதான் (அன்றைக்குச் சாயங்காலம் நீரஜ் சோப்ரா தங்கம் வாங்கிவிட்டார், ஊர் முழுக்க ஈட்டியைப் பற்றியே பேசியது, நான் மட்டும் பட்டிங், அதாவது கிரீனில் பந்தைக் குழிக்குள் உருட்டுவது பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன்). இப்போது ஆடுவது ஊருக்கு வெளியே, உறுப்பினர் அல்லாதவர்களையும் கிரீன் ஃபீ என்கிற ஆட்டக் கட்டணம் வாங்கிக்கொண்டு உள்ளே விடுகிற ஒரு மைதானத்தில். பெயர் வேண்டாம். அது ஏன் என்று போகப்போகத் தெரியும்.

சரி, என்னதான் குறை? பட்டியல் போட்டால் நீளும். முதல் அடி அடிக்கிற டீ மேடுகளில் புல் தேய்ந்து செம்மண் தெரிகிறது. பங்கர் என்கிற மணல் பள்ளத்தில் மணல் இருக்க வேண்டிய இடத்தில் மழைநீர் இழுத்து வந்த களிமண் இறுகிக் கிடக்கிறது, மட்டையை வீசினால் பந்தோடு மணிக்கட்டும் பறக்கும் போலிருக்கிறது. டீ மேட்டுக்கும் கிரீனுக்கும் நடுவில் இருக்கிற ஃபேர்வேயில் முந்தின நாள் வெட்டுப்பட்ட புல்துண்டுகள் அப்படியே காய்ந்து கிடக்கின்றன. இதற்கெல்லாம் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன், ஏனென்றால் இதில் பாதி ஆட வருகிறவர்கள் செய்வது. கம்பெனிக்காரர்கள் டோர்னமென்ட் நடத்திவிட்டுப் போன மறுநாள் காலையில் கிரீனைப் பார்க்க வேண்டும். பந்து மேலிருந்து வந்து விழுந்த பள்ளத்தைக் குச்சி மாதிரி ஒரு சின்ன சாமானால் ஓரத்திலிருந்து உள்பக்கமாக நெம்பி, பட்டர் என்கிற உருட்டு மட்டையால் தட்டிவிட்டால் முடிந்தது. அரை நிமிஷம் ஆகாது. அதை விட்டுவிட்டு செல்ஃபி எடுத்துக்கொண்டு போகிறார்கள். பங்கரில் யானை நடந்த மாதிரி தடம், ரேக் பக்கத்திலேயே கிடக்கிறது. அதற்கு நிர்வாகத்தைத் திட்டி என்ன பிரயோஜனம்?

இன்னொன்றும் உண்டு, புதிதாக ஆடுகிறவர்கள் இதைப் பார்த்ததும் கொதித்துப்போவார்கள். சில சமயம் கிரீன் முழுக்க விரல் கனத்துக்கு வரிசை வரிசையாக ஓட்டை போட்டு, மேலே மணலைக் கொட்டி வைத்திருப்பார்கள். பார்க்கக் கண்றாவியாக இருக்கும், பந்து தத்தித் தத்திப் போகும். அது பராமரிப்பு இல்லாததால் அல்ல, பராமரிப்பே அதுதான். தினமும் மிதிபட்டு இறுகிப்போன மண்ணுக்குக் காற்றும் தண்ணீரும் போக வழி செய்கிறார்கள். ஓரிரு வாரத்தில் மூடிக்கொள்ளும். விதிப்புத்தகத்திலும் இதற்குச் சலுகை கிடையாது, கிளப் தனியாக உள்ளூர் விதி போட்டால்தான் உண்டு, இல்லாவிட்டால் அந்த ஓட்டையில் பந்து நின்றாலும் நின்ற இடத்திலிருந்துதான் அடிக்க வேண்டும். ஆனால் நேற்று ஓட்டை போட்டுவிட்டு இன்றைக்கு அதைச் சொல்லாமல் முழுக் காசு வாங்கிக்கொண்டு உள்ளே விட்டால்? பல நாடுகளில் இந்த மாதிரி நாட்களை முன்கூட்டியே போட்டுவிடுவார்கள், விலையையும் குறைப்பார்கள். இங்கே கவுன்டரில் கேட்டால், "போன வாரம்தான் சார் பண்ணாங்க, நல்லாயிடும்" என்று சிரிக்கிறார்கள். எனக்கு முதலில் சுருக்கென்றது இதில்தான்.

அப்புறம் ஏழாவது கிரீன்.

அது ஒரு பள்ளத்தில் இருக்கிறது. ஆடி முடிந்து மழை பிடித்துக்கொண்டால் ஐப்பசி வரைக்கும் அந்தக் கிரீனில் கால் வைத்தால் ஷூவைச் சுற்றித் தண்ணீர் கசியும். மழை நின்று நாலு நாள் ஆனாலும் அப்படியேதான். புல் மஞ்சளாகி, நடு நடுவே கருப்பாகப் பாசி. பந்தைத் தட்டினால் சேற்றில் சைக்கிள் ஓட்டின மாதிரி பாதி வழியில் நின்றுவிடுகிறது. எல்லோரும் சொல்கிற காரணம், "மாலிங்க சரியா வேலை செய்றதில்ல." மாலி என்றால் புல்லைப் பார்த்துக்கொள்கிற தோட்டக்காரர்.

ஒரு நாள் சீக்கிரம் போய்விட்டதால், மாலி ஒருவர் அந்தக் கிரீனில் குழியை இடம் மாற்றுவதைப் பார்க்கக் கிடைத்தது. தெரியாதவர்களுக்கு: கொடி நட்டிருக்கிற குழி ஒரே இடத்தில் இருக்காது. சுற்றிலும் புல் தேயாமல் இருக்க இடம் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். குழாய் மாதிரி ஒரு வெட்டியை இறக்கித் திருகி எடுத்தால், 108 மில்லிமீட்டர் விட்டத்தில் புல்லும் மண்ணுமாக உருளையாக வெளியே வரும். அதைக் கொண்டுபோய்ப் பழைய குழியில் வைத்து மூடுவார்கள். அவர் அந்த உருளையை என் பக்கம் நீட்டி, "மோந்து பாருங்க சார்" என்றார். அழுகின முட்டை வாசனை. மேலே ஒரு விரல்கடை அளவுக்கு மண் நிறம், அதற்குக் கீழே அடுப்புக்கரி மாதிரி கருப்பாக ஒரு பட்டை. வேர் எல்லாம் அந்தக் கருப்பைத் தொட்டதும் நின்றுவிட்டிருந்தது. கல்யாண வீட்டில் ஆல்போல் தழைத்து அறுகுபோல் வேரோடி என்று வாழ்த்துகிறோமே, அந்த அறுகுதான் இது. கோல்ஃப்காரர்கள் பெர்முடா என்று சொல்வதும் பிள்ளையாருக்குச் சாத்துவதும் ஒரே இனம், கிரீனில் இருப்பது அதன் கலப்பின ரகம். வேரோடுவதற்கே பேர்போன புல் ஒரு விரல்கடைக்கு மேல் இறங்க மாட்டேன் என்கிறதென்றால் கோளாறு புல்லில் இல்லை.

கிரீன் என்பது வெறும் புல்தரை இல்லை. அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960-ல் வெளியிட்ட முறைப்படி கட்டினால், மேலே ஓரடி ஆழத்துக்கு மணல் கலவை, அதன் கீழே நாலு அங்குலம் ஜல்லி, ஜல்லிக்கு அடியில் தண்ணீர் வடிய ஓட்டை போட்ட பைப். பைப் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளேயே நிற்கும், காற்று போகாது, காற்றில்லாத இடத்தில் வாழ்கிற பாக்டீரியா வேலையைத் தொடங்கும், முட்டை நாற்றம் அதனுடையது. இந்த மைதானத்துக்கு ஊற்றுவது சுத்திகரித்த கழிவுநீர். அதைக் குறை சொல்ல மாட்டேன், இந்த ஊரில் புல்லுக்கு அதைத்தான் ஊற்ற வேண்டும். ஆனால் அதில் உப்பு இருக்கும், அவ்வப்போது நிறையத் தண்ணீர் விட்டு அலசிக் கீழே இறக்க வேண்டும். இறங்க வழியில்லாத இடத்தில் உப்பும் அங்கேயே தங்கிவிடுகிறது. மாலி எத்தனை தடவை புல்லை வெட்டினாலும் உரம் தூவினாலும் இது தீராது. தோண்டிப் பைப்பைப் பார்க்க வேண்டும், அது காசு, அதை முடிவு செய்கிறவர்கள் காலை ஆறு மணிக்கு ஏழாவது கிரீனில் நிற்பதில்லை.

இது தெரிந்தபிறகு புகார் எழுதுவது சுலபமாக வேண்டும் அல்லவா? கஷ்டமாகிவிட்டது. கோல்ஃப் பையைத் தூக்கிக்கொண்டு எனக்கு வழக்கமாகக் கூட வருகிற கேடி (caddie) அல்சூர்க்காரர், வயதில் பெரியவர், சின்னப் பையனாக இருந்தபோதிலிருந்து பை தூக்குகிறவர். 2009-ல் இந்தியன் ஓப்பன் ஜெயித்த முனியப்பாவும் இதே ஊரில் கேடியாக இருந்தவர்தான் என்று சொல்லும்போது மட்டும் அவருடைய குரல் கொஞ்சம் நிமிரும். அவரிடம், "அண்ணா, எழுதலாம்னு இருக்கேன்" என்றேன். அவர் பட்டரைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எழுதுங்க சார், யாரு வேணான்னா? நீங்க ஒரு லைன் எழுதுவீங்க. மேனேஜரு சூப்பர்வைசரக் கத்துவாரு. சூப்பர்வைசரு மாலியக் கத்துவாரு. மாலிக்கு ஒரு நாள் கூலி கட்டு. பைப்பு அப்படியேதான் இருக்கும்."

என்னோடு ஆடுகிற நண்பன் திருச்சிக்காரன், அவன் ரகம் வேறு. "எதுக்கு மாப்ள லெட்டரு? கூகுள்ல ஒத்த ஸ்டார் போட்டு ரெண்டு போட்டோ போடு, அலறிக்கிட்டு வருவானுங்க" என்கிறான். அலறிக்கொண்டு வருவார்கள்தான். ஆனால் அதைப் படித்துவிட்டு நாலு பேர் வேறு மைதானத்துக்குப் போனால் முதலில் அடி வாங்குவது யார்? கேடிக்கு மாதச் சம்பளம் கிடையாது, பை கிடைத்தால் காசு, இல்லாவிட்டால் நிழலில் உட்கார்ந்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பெயரைப் போடாமல் இதை எழுதுவதும் அதனால்தான். அப்படியானால் பேசாமல் இருந்துவிடலாமே என்று பார்த்தால் அதுவும் சரியாகப் படவில்லை. வாடிக்கையாளர்களிடமிருந்து ஒரு புகாரும் வரவில்லை என்பதே அடுத்த பட்ஜெட்டில் பைப்புக்குக் காசு ஒதுக்காமல் இருக்க நல்ல காரணமாகிவிடும். அலுவலகத்தில் வேலை பார்க்கிற யாருக்கும் இது தெரியும்.

கடைசியில் எழுதினேன். எழுதும்போது ஒன்றில் மட்டும் கறாராக இருந்தேன்: பராமரிப்பு மோசம், ஊழியர்கள் அலட்சியம் மாதிரி பொத்தாம்பொதுவான வார்த்தை ஒன்றுகூட இருக்கக் கூடாது, அவை எல்லாமே நேராக மாலி தலையில் போய் விழும். அதனால் ஏழாவது கிரீனின் வடிகால் அடைத்திருப்பதாகத் தெரிகிறது, தினசரி வேலையால் இது சரியாகாது, பைப்பைத் திறந்து பார்க்க வேண்டும், எப்போது பார்ப்பீர்கள் என்று கேட்டேன். குழி வெட்டின விஷயத்தைச் சொல்லவில்லை, அதைக் காட்டினவர் யார் என்று தேடுவார்கள். கிரீனில் ஓட்டை போடுகிற தேதிகளை புக்கிங் பக்கத்தில் போடுங்கள், அந்த வாரம் காசைக் குறையுங்கள் என்று எழுதினேன். பைப் வேலை முடிகிற வரைக்கும், புல்லே போய்விட்ட இடங்களைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு போடச் சொன்னேன். அப்படிக் குறித்துவிட்டால் அந்த இடம் விதிப்படி 'பழுதுபார்ப்பில் உள்ள தரை', அபராத அடி இல்லாமல் பந்தை நகர்த்தி வைத்து ஆடலாம், குறிக்காவிட்டால் அந்தச் சலுகை கிடையாது. செலவு என்னவென்றால் ஒரு பை சுண்ணாம்பு. கூடவே, கேடிகளும் மாலிகளும் நன்றாக வேலை செய்கிறார்கள் என்று ஒரு வரி. அது முகஸ்துதி இல்லை, முன்ஜாக்கிரதை.

நண்பன் கையெழுத்துப் போட மறுத்துவிட்டான். "நீ எழுதினது புகார் மாதிரியே இல்லடா, வாழ்த்து மடல் மாதிரி இருக்கு" என்றான். இருக்கட்டும்.

பதில் வந்தது. முதலில் வழக்கமான நன்றி, உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம், பருவமழை காரணமாக என்று ஒரு பத்தி. நான் விடாமல், மழை நின்று நாலு நாள் கழித்து எடுத்த போட்டோக்களைத் தேதியோடு அனுப்பி, பக்கத்து எட்டாவது கிரீன் காய்ந்து கிடப்பதையும் அதோடு சேர்த்து அனுப்பினேன், இரண்டுக்கும் ஒரே மழைதானே. அதற்குப் பிறகு ஓட்டை போடுகிற தேதிகள் புக்கிங் பக்கத்தில் வந்துவிட்டன. விலை குறையவில்லை. சுண்ணாம்புக் கோடு போட்டாயிற்று, கொஞ்சம் கோணலாக. பைப்புக்கு மட்டும் 'காண்ட்ராக்டரிடம் மதிப்பீடு கேட்டிருக்கிறோம்' என்று பதில். மதிப்பீடு வந்ததா என்று மாத முதல் வாரத்தில் திரும்பக் கேட்கப்போகிறேன். மாலிக்குத் திட்டு விழுந்ததா என்று கேடி அண்ணாவிடம் விசாரித்தேன். "இந்தத் தடவ இல்ல சார்" என்றார், "ஆனா சுண்ணாம்பு அவருதான் தூக்கிட்டு வந்தாரு, முதுகு வலின்னாரு."