வகுப்பறையில் அடி விழுந்தபோது நாங்கள் செய்தது

காரைக்குடிப் பக்கத்தில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். போன கல்வியாண்டில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனை வைத்துக்கொண்டு நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. இதே நிலைமையில் தனியாக மாட்டிக்கொண்டு நிற்கும் ஆசிரியர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அவனுக்குக் கோபம் வருவது முன்கூட்டித் தெரியாது. பக்கத்துப் பையன் கையில் காம்பஸால் குத்துவான், நாற்காலியைத் தூக்கி எறிவான். ஒரு நாள் தடுக்கப்போன அறிவியல் சாரைத் தள்ளிவிட்டான். அவர் நெற்றி கதவு நிலையில் இடித்துப் பிளந்துவிட்டது. 2012-இல் சென்னையில் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஆசிரியையை வகுப்பறையிலேயே குத்திக் கொன்றதை எந்த ஆசிரியரும் மறந்திருக்க மாட்டார். கரும்பலகை பக்கம் திரும்பி எழுதவே எனக்குப் பயமாக இருந்தது.

பள்ளியிலிருந்து வந்த ஆதரவு என்னவென்றால், "பெருசாக்காதீங்க டீச்சர், பள்ளிக்கூடத்துப் பேர் கெட்டுடும்" என்பதுதான். தையல் போடப் போன சாரிடம், வழுக்கி விழுந்ததாகச் சொல்லிவிடுங்கள் என்று போனிலேயே சொன்னார்கள். அவர் மறுத்துவிட்டார். அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் நடந்தது நடந்தபடியே ஏறியது. எங்கள் கையில் கிடைத்த முதல் தாள் அதுதான்.

அப்புறம் ஒரு நீள நோட்டு போட்டோம். அந்த வகுப்புக்குப் போகும் எல்லோரும் அதில் எழுத வேண்டும்: தேதி, எத்தனையாவது பீரியட், அதற்குச் சற்று முன் வகுப்பில் என்ன நடந்தது, யாருக்கு அடி. 'ரவுடித்தனம்', 'திமிர்' போன்ற வார்த்தைகளை எழுதக் கூடாது என்று முடிவு செய்திருந்தோம். கண்ணால் பார்த்ததை மட்டும்தான் எழுத வேண்டும். புகாருக்கு ஆதாரமாக இருக்கும் என்று தொடங்கிய நோட்டு, வேறொன்றையும் காட்டிக் கொடுத்தது. பெரும்பாலான சம்பவங்கள் தமிழ், ஆங்கிலம், சமூக அறிவியல் பீரியட்களில்தான் நடந்திருந்தன. யாரையாவது எழுந்து வாசிக்கச் சொல்லி, அவன் முறை நெருங்கும் நேரம். கணக்கு பீரியடில் அநேகமாக எதுவுமே இல்லை. ஒன்பதாம் வகுப்பு வரை வந்துவிட்ட பையனுக்கு எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வந்தது. அதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதில் குறியாக இருந்திருக்கிறான்.

நோட்டின் நகலையும் மருத்துவமனைத் தாளையும் இணைத்து, எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கடிதம் கொடுத்தோம். தனித்தனியாகப் போய்ச் சொன்னால் 'உங்களுக்கு வகுப்பைக் கட்டுப்படுத்தத் தெரியவில்லை' என்று ஆகிவிடும். ஒரே தாளில் அத்தனை கையெழுத்தும் இருந்தால் அப்படிச் சொல்ல முடியாது. பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துத் தர பள்ளியில் மறுத்தார்கள். சரி என்று தபாலில் அனுப்பி, மாவட்டக் கல்வி அலுவலருக்கும் ஒரு நகல் போட்டோம். அதற்குப் பிறகுதான் பள்ளி மேலாண்மைக் குழுவைக் கூட்டினார்கள்.

கூட்டத்தில் பலரும் டி.சி.யைக் கொடுத்து அனுப்பிவிடலாம் என்றார்கள். அடிவாங்கிய பிள்ளைகளின் பெற்றோர் கேட்டதில் தப்பே இல்லை. ஆனால் டி.சி. கொடுத்தால் இதே பையன் தேவகோட்டையிலோ பள்ளத்தூரிலோ இன்னொரு ஆசிரியர் முன்னால் போய் உட்காருவான், அவ்வளவுதான். காவல் நிலையத்துக்குப் போகலாம் என்றும் பேச்சு வந்தது. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் விஷயத்தில், கொடுங்குற்றமாக இல்லாவிட்டால் பொதுவாக எஃப்.ஐ.ஆர். போடுவதில்லை. இளைஞர் நீதிச் சட்டம் வேறு வழி வைத்திருக்கிறது. நாங்கள் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழைத்தோம். சிவகங்கையில் உள்ள மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து ஆள் வந்தார்கள்.

அவனை வளர்ப்பது அப்பத்தா. குடும்பம் வெளிநாட்டில் இருக்கும் ஒரு பெரிய செட்டிநாட்டு வீட்டுக்குக் காவலாக, பின்கட்டில் ஒரு அறையில் பேரனோடு இருக்கிறார். அப்பா சிங்கப்பூரில் கட்டட வேலையில் அடிபட்டுத் திரும்பியவர். குடித்துவிட்டு வந்தால் பையனைப் போட்டு அடிப்பார். "வீட்டுல வாங்குறதத்தான் ஆத்தா அங்கன கொண்டாந்து குடுக்குறான்" என்று அப்பத்தா சொன்னபோது எங்களுக்குப் பேச்சு வரவில்லை.

மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் காட்டினோம். வாசிப்புக் குறைபாட்டுக்கான பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்தார். சான்றிதழ் கிடைத்தால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் சொல்வதை எழுத ஆளும் கூடுதல் நேரமும் கேட்கலாம்.

வகுப்பில் நாங்களாகச் சிலவற்றை மாற்றினோம். அவனை எழுந்து வாசிக்கச் சொல்வதில்லை. இடம் கதவோரம். முகம் மாறினால் அவனாகவே வெளியே போய் வேப்பமரத்தடியில் உட்காரலாம். கை ஓங்கிவிட்டால் அவனைப் பிடித்து இழுப்பதில்லை, மற்ற பிள்ளைகளை முதலில் வெளியேற்றிவிடுகிறோம். பிடித்து இழுத்தபோதுதான் காயங்கள் கூடுதலாகப் பட்டன என்று அதே நோட்டு சொன்னது. இப்போது அவன் பத்தாவது. முழுக்க மாறிவிட்டான் என்று சொல்ல மாட்டேன். ஜன்னல் கண்ணாடி ஒன்று உடைந்தது. ஆட்களுக்கு அடி விழவில்லை.

2023-இல் நாங்குநேரியில் பட்டியலின மாணவன் ஒருவனைப் பள்ளி மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய சம்பவத்துக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024-இல் கொடுத்த அறிக்கையில் 500 பேருக்கு மேல் படிக்கும் பள்ளிகளுக்குப் பள்ளி நல அலுவலர் வேண்டும் என்றது. எங்களைப் போன்ற சின்னப் பள்ளிகளுக்கு யார் வருவார்கள்? ஒன்றியத்துக்கு ஒரு ஆலோசகராவது வேண்டும் என்று கேட்டு எழுதினோம். பதில் இல்லை. அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் மறுபடி எழுதுகிறோம், மேலாண்மைக் குழுத் தலைவியான அம்மாவின் கையெழுத்தையும் சேர்த்து.