பாசிட்ரான் ஆயுளை அளக்கும் முன் சாம்பிளைப் பாருங்கள்

பாசிட்ரான் என்பது எலக்ட்ரானின் எதிர்த்துகள். உலோகத்தில் நுழைந்து எலக்ட்ரானோடு சேர்ந்து அழியும்வரை அது தாக்குப்பிடிக்கும் நேரமே அதன் ஆயுள்; அணு அடுக்கில் குறைபாடு இருந்தால் அதில் சிக்கி ஆயுள் கூடும். இந்த ஆயுள் அளவீட்டில் பிழை வந்தால் பலரும் முதலில் மின்னணுச் சுற்றைச் சந்தேகிப்பார்கள். பெரும்பாலும் கோளாறு சாம்பிளின் மேற்பரப்பில்தான் இருக்கும்.

கதிரியக்கச் சோடியம்-22 உமிழும் பாசிட்ரானின் உச்ச ஆற்றல் 0.546 எம்.இ.வி. (மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்). எஃகில் பெரும்பாலானவை முதல் சில பத்து மைக்ரோமீட்டருக்குள் நின்றுவிடும். எமரி தாளில் தேய்த்த சேதமும் ஏறக்குறைய அதே ஆழத்தில் இருப்பதுதான் சிக்கல். மின்பாலிஷிலோ அமிலத்திலோ 50 மைக்ரோமீட்டராவது கரைத்தெடுக்க வேண்டும்; 100 என்றால் நிம்மதி. நன்றாக அனீல் செய்த (சூடேற்றி மெல்லக் குளிர்வித்த) தூய இரும்பு 110 பைக்கோ நொடியை ஒட்டி ஒரே ஆயுளைக் காட்டும். 140 காட்டினால் ஃபிட்டிங்கை (தரவுக்குக் கணக்கைப் பொருத்துவதை) விட்டுவிட்டு மறுபடி பாலிஷுக்குப் போங்கள்.

சோடியம்-22 கொண்ட சோடியம் குளோரைடு கரைசலை 7.5 மைக்ரோமீட்டர் காப்டன் என்ற பிளாஸ்டிக் தாளில் சொட்டி உலர்த்தி, இன்னொரு தாளால் மூடி ஒட்டி, 1 மி.மீ. கனமுள்ள ஒரே மாதிரியான இரண்டு துண்டுகளுக்கு நடுவே வைப்பது வழக்கம். காப்டனிலேயே அழியும் பாசிட்ரான்கள் சுமார் 380 பைக்கோ நொடிக் கூறு ஒன்றைச் சேர்க்கும். சாம்பிளின் அணு எண் கூடினால் பின்சிதறலும் (பாசிட்ரான் திரும்பித் தெறிப்பதும்) கூடும், காப்டனில் அழியும் பங்கும் ஏறும். அலுமினியத்தில் கண்ட திருத்தத்தை எஃகுக்கு அப்படியே போடுவது தவறு.

பாசிட்ரானோடு கூடவே வரும் 1.27 எம்.இ.வி. காமா கடிகாரத்தைத் தொடங்கும், பாசிட்ரான் அழியும்போது வரும் 511 கே.இ.வி. (ஆயிரம் எலக்ட்ரான் வோல்ட்) காமா நிறுத்தும். காமாவை ஒளியாக மாற்றும் பேரியம் ஃபுளோரைடு படிகத்தின் வேகமான ஒளி 220 நானோமீட்டரில் வருவதால் குவார்ட்ஸ் முகப்புள்ள ஒளிப்பெருக்கிக் குழாயே வேண்டும். கருவியின் காலப் பிரிதிறன் 200 பைக்கோ நொடி, அளப்பதோ 110. கருவியின் காலக் கலங்கலைக் குறிக்கும் பிரிதிறன் சார்பு கொஞ்சம் பிசகினாலும் இல்லாத ஒரு கூறு முளைத்துவிடும். பத்து லட்சம் கவுண்ட் சேர்வதற்குள் ஏ.சி. நின்றால் பூஜ்ய நேரமே நகரும்.

ஆயுள் கூடினாலே அணு வெற்றிடம் (அணு இல்லாத காலி இடம்) என்று எழுதிவிடக் கூடாது. கல்பாக்கத்தில் வேக ஈனுலைக்காக ஆராயப்பட்ட டைட்டேனியம் கலந்த டி9 எஃகு இதற்கு நல்ல உதாரணம். குளிர்நிலையில் உருட்டிய இந்த எஃகைச் சூடேற்றும்போது குறைபாடுகள் ஆறி ஆயுள் இறங்கும். பிறகு டைட்டேனியம் கார்பைடு துகள்கள் உருவாகையில் மறுபடி ஏறும். அங்கே பாசிட்ரானைப் பிடிப்பது துகளின் விளிம்பு. இதைப் பிரித்தறிய ஜெர்மானியம் டிடெக்டரில் டாப்ளர் விரிவையும் (511 கே.இ.வி. சிகரம் எவ்வளவு அகன்றிருக்கிறது என்பதையும்) எடுத்து, எஸ் அளவை (சிகரத்தின் நடுப்பகுதிப் பங்கு) டபிள்யூ அளவுக்கு (ஓரங்களின் பங்கு) எதிராக வரைந்து பாருங்கள். புள்ளிகள் பழைய நேர்கோட்டை விட்டு விலகினால் பாசிட்ரானைப் பிடிக்கும் பொறியின் வகையே மாறியிருக்கிறது.