பின்சந்தில் கூண்டு வைக்கும் முன்

பினாங்கு ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் கடைகளுக்குப் பின்னால் உள்ள சந்துகளில் பூனைக்குச் சோறு வைக்க ஆள் பஞ்சம் கிடையாது. வாழை இலைக் கடையில் மிஞ்சிய மீன் தலை, ஒட்டுக்கடை அக்கா போடும் கோழித் தோல், மேல்மாடியிலிருந்து யாரோ கொட்டும் பூனை பிஸ்கட். பஞ்சம் கருத்தடைக்குத்தான். பெண் பூனை பருவத்துக்கு வருவது பகலின் நீளத்தைப் பொறுத்தது. குளிர்நாடுகளில் பகல் சுருங்கும் மாதங்களில் அதற்கு ஓய்வு கிடைக்கும். பினாங்கில் வருடம் முழுக்கப் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம், ஓய்வுக்கு வழியே இல்லை. சினைக்காலம் 63 முதல் 65 நாள். குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே தாய் மறுபடி சினைப்படும். நாலு மாதக் குட்டிகூடச் சினையாகலாம்.

ஆகவே பிடித்துக் கருத்தடை செய்து திரும்ப விடும்போது, பத்துச் சந்தில் சந்துக்கு ஒரு பூனையைப் பிடிப்பதைவிட ஒரே சந்தில் பத்துக்கும் செய்து முடிப்பதுதான் வேலை. ஒரு பெண் விட்டுப்போனாலும் பழைய எண்ணிக்கை திரும்ப அதிக நாள் ஆகாது.

முதல் இரண்டு வாரம் கூண்டைத் தொடவே வேண்டாம். தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் உணவு வைத்து, வருகிற ஒவ்வொன்றையும் போனில் படமெடுத்துக் கணக்கெடுங்கள். கறுப்பு, செம்மஞ்சள், வெள்ளை மூன்றும் கலந்தது கிட்டத்தட்ட எப்போதும் பெண். முழுச் செம்மஞ்சளில் பெரும்பாலானவை ஆண். கிட்டே வராத பூனையைப் பட்டியலில் சேர்க்க இந்த அடையாளம் போதும். வால் குட்டையாகவோ முடிச்சு விழுந்தோ இருந்தால் யாரோ வெட்டிவிட்டார்கள் என்று பதற வேண்டாம். நம் வட்டாரப் பூனைகளில் அது பிறவியிலேயே வருவது.

மூன்று, நாலு கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு 50 முதல் 60 கிராம் உலர் உணவு போதும். அரை மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிடுங்கள். கிடந்தால் எலி வரும், எலிக்குப் பின்னால் புகார் வரும். எறும்புக்கு, பெரிய தட்டில் விரலளவு தண்ணீர் ஊற்றி அதன் நடுவில் உணவுத் தட்டை வைத்தால் சரி. அந்தத் தண்ணீரை அன்றே கொட்டிவிட வேண்டும். குடிக்கிற தண்ணீர்ப் பாத்திரத்தைத் தினமும் தேய்த்துக் கழுவுங்கள். வெறுமனே கொட்டி நிரப்பினால் ஏடிஸ் கொசுவின் முட்டை பாத்திரத்தின் உட்சுவரிலேயே ஒட்டியிருக்கும்.

கிளினிக்கில் இடம் உறுதியான பிறகே கூண்டை வெளியே எடுக்க வேண்டும். பிடித்த பூனையோடு வாசலில் நின்றுகொண்டு இடம் கேட்பது யாருக்கும் நல்லதல்ல. பிடிக்கும் நாளுக்கு முந்தின மாலையிலிருந்து யாரும் உணவு வைக்கக் கூடாது. இதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். "அண்ணே, நாளைக்குப் பூனை பிடிக்கிறோம், இன்னிக்கு ராத்திரியிலேர்ந்து மீன் போடாதீங்க" என்று ஒவ்வொரு கடையிலும் நேரில் போய்ச் சொல்ல வேண்டும். வாட்ஸ்ஆப் போதாது. ஒரே ஒருவர் இரக்கப்பட்டு ஒரு தலையைப் போட்டாலும் கூண்டுப் பக்கம் எதுவும் எட்டிப் பார்க்காது.

சுமார் 75 முதல் 90 சென்டிமீட்டர் நீளம், உள்ளே மிதித்தால் கதவு விழும் தகடு: இந்த மாதிரிக் கூண்டு போதும். ஆடாத சமதரையில், சுவரை ஒட்டி வையுங்கள். பாதத்தில் கம்பி குத்தினால் பூனை பாதியிலேயே திரும்பிவிடும், ஆகவே அடியில் செய்தித்தாளை மடித்துப் பசைநாடாவால் ஒட்டுங்கள். காற்றில் அது படபடத்தால் அதுவும் கெடுக்கும். அவித்த கெம்போங் மீன் ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம், காலையில் மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். வாசலில் ஒரு துணுக்கு, நடுவில் ஒரு துணுக்கு, மற்றதெல்லாம் தகடுக்கு அப்பால், கடைக்கோடியில். தகட்டுக்கு முன்னாலேயே மீன் இருந்தால் கழுத்தை நீட்டித் தின்றுவிட்டுப் போய்விடும். கதவு விழுந்ததும் பூனை கம்பியில் மோதி மூக்கைக் கிழித்துக்கொள்ளும். கறுப்புத் துணியால் முழுக்க மூடுங்கள், அரை நிமிடத்தில் அடங்கிவிடும். கூண்டைத் தனியே விட்டுவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது.

பிடித்ததும் துணியை ஓரமாக விலக்கி அடிவயிற்றைப் பாருங்கள். முலைக்காம்பு பெருத்து, சுற்றி முடி உதிர்ந்திருந்தால் எங்கோ குட்டிகள் இருக்கின்றன. கிளினிக்கில் சொல்லி முதலில் அதற்கு அறுவை செய்யச் சொல்லுங்கள், தெளிந்ததும் அன்றே விட்டுவிடலாம். கர்ப்பப்பை போனால் பால் வற்றிவிடும் என்பது தவறு. பாலுக்குக் காரணமான ஹார்மோன் மூளையடிச் சுரப்பியிலிருந்து வருகிறது.

தானாகக் கரையும் தையல் போடச் சொல்லுங்கள், தையல் பிரிக்க அந்தப் பூனை இரண்டாம் முறை உங்கள் கையில் சிக்காது. கருத்தடை ஆனதற்கு அடையாளமாக மயக்கத்திலேயே காதின் நுனியை, வழக்கமாக இடது காதில், நேராக ஒரு சென்டிமீட்டர் வெட்டிவிடுவார்கள். பார்க்கக் கொடுமையாகத் தெரியும். ஆனால் பள்ளமாக வெட்டினால் சண்டையில் கிழிந்த காதோடு குழம்பும், நேர்வெட்டு தூரத்திலிருந்தே தெரியும். ஒரு பெண்ணை மறுபடி பிடித்து மறுபடி வயிற்றைக் கிழிக்காமல் இருக்க இதைவிட நம்பகமான அடையாளம் இல்லை.

அறுவைக்குப் பிறகு ஆணுக்கு 24 மணி நேரம், பால் கொடுக்கும் தாயைத் தவிர மற்றப் பெண்ணுக்கு 48 முதல் 72 மணி நேரம் மூடிய கூண்டிலேயே ஓய்வு. மயக்கம் தெளியும்போது உடல் குளிரும், ஆகவே மின்விசிறியை நேராகத் திருப்ப வேண்டாம். வலிக்கு நம் வீட்டு மாத்திரை எதுவும் கூடாது. பெனடால், அதாவது பாராசிட்டமால், ஒரே மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும். அதை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு இல்லை. பிடித்த இடத்திலேயே விட வேண்டும், "பசார் பக்கம் மீன் நிறையக் கிடைக்கும்" என்று அங்கே இறக்குவது கைவிடுவதற்குச் சமம். ஆண் பூனை அறுவைக்குப் பின்னும் சில வாரம் சினைப்படுத்தக் கூடும். அதனால் அடுத்த மாதம் வயிறு தெரியும் பெண்ணைப் பார்த்து டாக்டரைத் திட்ட வேண்டாம்.

கூண்டை அடுத்த பூனைக்கு முன் கழுவ வேண்டும். சோப்பில் தேய்த்தபின், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி குளோரின் பிளீச் கலந்து பத்து நிமிடம் ஈரமாக விட்டு அலசுங்கள். குட்டிகளைக் கூட்டமாகச் சாகடிக்கும் பார்வோ வகை வைரஸ் சாதாரணச் சோப்புக்கு அசையாது. பினாயில் வேண்டாம், பூனைக்கு நஞ்சு.

மலேசியாவில் பூனையோடு பழகுகிறவர்கள் முக்கியமாகப் பயப்பட வேண்டிய ஒரு நோய் ஸ்போரோட்ரிக்கோசிஸ் என்ற பூஞ்சை நோய். மூக்குத் தண்டில், காது நுனியில், பாதத்தில் ஆறாத புண், மேலே கறுத்த பொருக்கு. சண்டைக் காயம் என்று நினைத்து மஞ்சள் தடவுவார்கள். கீறினாலோ கடித்தாலோ மனிதருக்கும் வரும்: விரலில் ஒரு கட்டி, சில வாரத்தில் அங்கிருந்து கையின் மேல் வரிசையாகக் கட்டிகள். தடித்த தோல் கையுறை இல்லாமல் அப்படிப்பட்ட பூனையைத் தொடாதீர்கள். கீறல் பட்டால் சோப்பும் தண்ணீருமாக நன்றாகக் கழுவிவிட்டு, மருத்துவரிடம் "புண் உள்ள பூனை கீறியது" என்று அந்த வார்த்தையிலேயே சொல்லுங்கள். பூனைக்கு இட்ராகொனசோல் பல மாதம் கொடுக்க வேண்டும். புண் ஆறிய பிறகும் ஒரு மாதமாவது தொடர வேண்டும். சந்தில் விட்டுவிட்டு இதைச் செய்ய முடியாது. அடைத்து வைக்க இடம் இல்லையென்றால், பினாங்கில் ஜெலுத்தோங்கில் உள்ள எஸ்பிசிஏ என்ற விலங்குவதைத் தடுப்புச் சங்கம் போன்ற அமைப்பிடம் முதலிலேயே பேசிவிடுவது நல்லது.

பட்டியலில் கடைசியாக ஒன்று மிஞ்சும், பெரும்பாலும் மூன்று நிறத்துப் பெண். மற்றவை சிக்கியதைக் கூரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கும். அதற்குக் கூண்டின் கதவைக் கயிற்றால் தூக்கிக் கட்டி, ஒரு வாரம் உள்ளேயே சாப்பாடு வையுங்கள்: முதல் நாள் வாசலில், பிறகு தினமும் ஒரு சாண் உள்ளே. கடைசிக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட ஆரம்பித்த இரண்டாம் நாள் கயிற்றை அவிழ்க்கலாம். அதற்கும் வராவிட்டால், வலை கட்டிய சட்டத்தை ஒரு குச்சியில் சாய்த்து வைத்து, குச்சியில் கட்டிய கயிற்றைப் பத்தடி தள்ளி அஞ்சடி நடைபாதைத் தூணுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு உட்காருங்கள். தலை மட்டும் உள்ளே வந்ததும் இழுத்துவிடாதீர்கள். வாலும் உள்ளே போகட்டும்.