டாக்டருக்குத் திரும்பிப் போகும் ஐந்து வரி

கடலூரிலோ புதுச்சேரியிலோ சொந்தமாக கவுன்சலிங் அறை திறப்பவர்கள் டாக்டர்கள் ஆள் அனுப்புவார்கள் என்று முதல் வேலையாக விசிட்டிங் கார்டு அடித்து கிளினிக் கிளினிக்காகக் கொடுக்கிறார்கள். மருந்து கம்பெனி ரெப்கள் வைத்துவிட்டுப் போகும் காகிதங்களோடு அதுவும் சேர்ந்துவிடும். முதலில் அனுப்பிய ஆள் என்ன ஆனார் என்று தெரிந்தால்தான் டாக்டர் அடுத்தவரை அனுப்புவார்.

மனநல மருத்துவர்கள் இருவரையாவது தெரிந்து வைத்திருங்கள். ஒருவர் ஊரில் இல்லாத நாளில்தான் தற்கொலை எண்ணத்தோடு ஒருவர் வந்து நிற்பார். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போகும் வழியும், அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-உம் மேசையிலேயே இருக்கட்டும்.

பொது மருத்துவர், மகப்பேறு மருத்துவர், குழந்தை மருத்துவர் அடுத்து. போனில் கேட்டுக்கொண்டு, ஓ.பி. முடிகிற நேரத்தில் போய் ஐந்து நிமிடம் பேசினால் போதும். "எல்லா மனப் பிரச்சினையும் பார்ப்பேன்" என்றால் அவர் மனதில் எதுவும் நிற்காது. "ஈசிஜி, எக்கோ எல்லாம் நார்மல், ஆனாலும் படபடப்பு என்று திரும்பத் திரும்ப வருகிறவர்களை அனுப்புங்கள்" என்றால் அப்படியொரு முகம் அப்போதே அவருக்கு ஞாபகம் வரும். எதைப் பார்க்க மாட்டீர்கள் என்பதையும் கட்டணத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஆள் வந்ததும், அனுப்பிய டாக்டருக்கு எழுத வந்தவரிடம் எழுத்துப்பூர்வ சம்மதம் வாங்குங்கள். ஒரு வாரத்துக்குள் ஐந்து வரி: வந்தார், எதற்காக, எத்தனை வாரத் திட்டம், டாக்டர் கவனிக்க வேண்டியது, அடுத்த கடிதம் எப்போது. அறைக்குள் பேசியது ஒரு சொல்லும் வேண்டாம். குடும்ப டாக்டர் அதே வீட்டு மாமியாருக்கும் சர்க்கரைக்கு மருந்து எழுதுகிறவர். உறையைப் பிரிப்பதோ பெரும்பாலும் ரிசப்ஷனில். சம்மதம் தராவிட்டால் வந்தார் என்பதைக்கூட எழுதக் கூடாது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு ரகசியத்தை உரிமையாகவே வைத்திருக்கிறது.

வாட்ஸ்அப் குழுவில் கேஸ் பேசுவது இன்னொரு ஆபத்து. "மஞ்சக்குப்பம், 34 வயது, ஆசிரியை" என்று போட்டால் யார் என்று கண்டுபிடிக்கப் பெயரே தேவையில்லை.

ஆள் அனுப்பக் கமிஷன் கேட்டால் மறுத்துவிடுங்கள். டாக்டர்கள் அதை வாங்குவதை மருத்துவக் கவுன்சிலின் 2002 நெறிமுறையே தடுக்கிறது. கொடுக்க ஆரம்பித்தால் பொருத்தமில்லாதவர்களும் வந்து குவிவார்கள்.

கிளினிக்கல் சைக்காலஜிஸ்டுகளுக்கு ஒன்று: கடலூர்–புதுச்சேரி சாலையில் கன்னியக்கோயில் தாண்டினால் மாநிலம் மாறுகிறது, மனநல ஆணையமும் மாறுகிறது. இரண்டு பக்கமும் அறை வைப்பதானால் பதிவு விவரத்தை இரண்டு இடத்திலும் கேளுங்கள்.